ஒண்ணும் ஆகாது, போம்மா

போன வருஷம் மழை தொடங்கின சமயத்தில், என் கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம் மூன்றே வார்த்தை சொல்லி அனுப்பினேன். “ஒண்ணும் ஆகாது, போம்மா.” சொன்னதில் பிழை இல்லை. அவள் பயந்தது நடக்க உண்மையிலேயே வழியில்லை. ஆனாலும் அந்த மூன்று வார்த்தை எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது. எழுதினால் கொஞ்சம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

எங்கள் மருந்துக்கடை ரங்கூனில், அனோரத்தா சாலைக் காளியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வாசல் அடைந்துவிடும், அவ்வளவு சின்னக் கடை. அன்று இரவு கரண்ட் இல்லை. பக்கத்துக் கடை ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தவள் போல ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தொரு வயது, எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண், தையல் தொழிற்சாலையில் வேலை. “அக்கா, அந்த மாத்திரை இருக்கா? அவசரத்துக்குப் போடுறது?” எப்போது என்று கேட்டேன். நாலு நாள் ஆச்சு என்றாள். பிறகு குனிந்துகொண்டு, பாதி பர்மியும் பாதித் தமிழுமாகச் சொன்னாள். “முழுசா எதுவும் நடக்கலை அக்கா. ஏரிக்கரையில உட்கார்ந்திருந்தோம். மழை. ரெண்டு பேரும் நனைஞ்சிருந்தோம். துணி மேலேயேதான்…”

எந்த ஏரி என்று ரங்கூன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்யா ஏரிக்கரையில் வெயிலோ மழையோ, வரிசையாகக் குடைகள் விரிந்திருக்கும். ஒவ்வொரு குடைக்குப் பின்னாலும் இரண்டு பேர். வீட்டில் இடம் இல்லாத, தனி அறை என்பதே தெரியாத பிள்ளைகளுக்கு இந்த ஊரில் ஒரு குடையின் அகலம்தான் சொந்த இடம். அதை நான் ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை. நானும் அங்கே உட்கார்ந்தவள்தான். ஆனால் அன்று அவளுக்குப் பின்னால் மூன்று பேர் சீட்டோடு நின்றார்கள். மாத்திரை தேவையில்லை என்று தெரிந்தது, காசை வீணாக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மூன்று வார்த்தையைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஐந்து வாரம் கழித்து மறுபடி வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. வலி மாத்திரை வேண்டும், பலமானதாக, என்றாள். எதற்கு என்று கேட்டதும் அழுதுவிட்டாள். என் கடையிலிருந்து போனவள் வேறு மூன்று கடைகளில் மூன்று தடவை அந்த அவசர மாத்திரையை வாங்கி, இரண்டு வாரத்துக்குள் போட்டிருக்கிறாள். நடுவில் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. அப்புறம் வரவேண்டிய நாளில் தூரம் வரவில்லை. போச்சு, பிள்ளைதான், என்று முடிவு கட்டிவிட்டாள். கூட வேலை பார்க்கும் யாரோ, ஊருக்கு வெளியே ஒரு அம்மா “வரவழைத்துக் கொடுப்பாங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். பணம் சேர்த்தாயிற்று. நாளும் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு வரப்போகிற வலிக்குத்தான் முன்னேற்பாடாக என்னிடம் மாத்திரை வாங்க வந்திருந்தாள். இல்லாத கருவைக் கலைக்க.

இதன் முழு அர்த்தம் பர்மாவில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இங்கே தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைப்பது குற்றம். தண்டனைச் சட்டம் 312, மூன்று வருஷம் வரை சிறை. கலைத்துக்கொள்கிற பெண்ணும் குற்றவாளிதான். வெள்ளைக்காரன் எழுதிய அதே 312 இந்தியாவிலும் 2024 வரை இருந்தது. அங்கே 1971-இல் தனிச்சட்டம் போட்டு வழிவிட்டார்கள், இங்கே அப்படியே நிற்கிறது. அதனால் பயந்த பெண் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. குச்சியும், என்னவென்றே தெரியாத கஷாயமும் வைத்திருக்கிற கைகளிடம் போகிறாள். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை. எங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு உண்டு. அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

இருபத்தாறு நாள் தலைவலி

அவளை உட்கார வைத்தபோது எனக்கு 2003-ஆம் வருஷம் ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. நிச்சயம் ஆகியிருந்தது. அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லினில். தண்ணீர்த் திருவிழா சமயத்தில், ஏப்ரல் 14-ஆம் தேதி, பாலம் தாண்டி அவருடைய அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் லாரியில் ஏறித் தண்ணீர் அடிக்கப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். எல்லை தாண்டவில்லை. தாண்டக் கூடாது என்று இரண்டு பேருக்குமே உறுதி இருந்தது. ஆனால் எல்லைக்குப் பக்கத்தில் வரை போனோம். துணி இல்லாமல். கடைசியில் என் தொடையில் ஈரம். துடைத்துக்கொண்டேன். அன்று மாலை பஸ்ஸில் நெரிசலில் நின்றபடி வரும்போது ஒன்றும் தோன்றவில்லை. இரவு படுத்ததும்தான் தோன்றியது.

அப்போது செல்போன் சாதாரண வீடுகளுக்கு எட்டாத பொருள். சிம் அட்டை 1,500 சாட்டுக்கு (சாட் எங்கள் ஊர்ப் பணம்) எல்லாருக்கும் கிடைத்ததே 2014-இல்தான். கூகுளில் தேடலாம் என்ற பேச்சே கிடையாது. கேட்க ஆள் வேண்டும், ஆளிடம் கேட்க வாய் வேண்டும். தெரிந்த மருந்துக்கடைக்காரர் அம்மாவுக்கும் தெரிந்தவர். தோழியிடம் மட்டும், வேறு யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். “சீ, அதுக்கெல்லாம் பிள்ளை வராது” என்றாள். ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம், அவளுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றிவிட்டது.

அம்மா எதையும் கேட்க மாட்டாள், கொல்லைக் கொடியைப் பார்ப்பாள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் துணிதான். மாதத்தில் நாலு நாள் கொடியின் ஓரத்தில் அந்தத் துணி காய வேண்டும். மே 5-ஆம் தேதி வாக்கில் காய்ந்திருக்க வேண்டியது, காயவில்லை. நம் மொழியில் கர்ப்பத்துக்கு என்ன சொல்கிறோம்? முழுகாமல் இருக்கிறாள். குளித்தால் இல்லை, குளிக்காவிட்டால் உண்டு. அந்த ஒரு கணக்கைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது. எள்ளும் வெல்லமும் தின்றேன், பப்பாளிக்காய் தின்றேன். வாந்தி வருவது போல் இருந்தது. அதையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். பயத்தில் வயிறு புரளும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவர் இரண்டு தடவை வந்து போனார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

தெருக்கோடியில் ஒரு பெரியம்மா இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழர்கள் பெரியம்மா என்போம், பர்மியர்கள் சயாமா என்பார்கள். தெருவுக்கே ஊசி போடுகிறவர். மே 10-ஆம் தேதி, தலைவலி என்று சொல்லி அவர் வீட்டுக்குப் போனேன். எத்தனை நாளாக என்று கேட்டார். “இருபத்தாறு நாளா, பெரியம்மா” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவர் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தலைவலியை யார் நாள் எண்ணி வைத்திருப்பார்கள்?

யார் அவன் என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. மூன்று கேள்விதான் கேட்டார்.

“எங்க பட்டுச்சு?”

“தொடையில.”

“தொடைன்னா முழங்கால் பக்கமா, மேலேயா?”

“மேல.”

“துணி?”

“இல்ல.”

“அதுக்கு முன்னாடி எப்பத் தலைக்குக் குளிச்சே?”

ஏப்ரல் 7-ஆம் தேதி தூரமானது என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். பிறகு சொன்னதை நான் இன்று வரை மறக்கவில்லை. “இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன் பாப்பா. வாசலுக்கு வெளியே பட்டாலும், காயாம ஈரமா இருந்தா, ஒண்ணு ரெண்டு நீந்தி உள்ள போகலாம். கன்னி கழியாமலே உண்டானவங்களும் இருக்காங்க. ஆனா அது ரொம்ப ரொம்ப அபூர்வம். உனக்கு அப்படி ஆகியிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். நினைக்கிறதோட விட வேண்டாம், பார்த்துருவோம். மூணு வாரம் தாண்டிருச்சு, இப்பப் பார்த்தா சரியாத் தெரியும்.”

அவர் அலமாரியிலிருந்து ஒரு சோதனைப் பட்டையை எடுத்து வருவதற்கு முன்பே எனக்கு மூச்சு சீராகிவிட்டது. வினோதம்தான். “வராது” என்று சொன்ன தோழியை நம்ப முடியவில்லை. “வரலாம், ஆனால் அபூர்வம்” என்று சொன்னவரை நம்ப முடிந்தது. பல வருஷம் அதை யோசித்திருக்கிறேன். பெரியம்மா என் தொடையில் இருந்த ஈரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பதில் சொன்னார். நான் கண்ணால் பார்த்தது அந்தப் பதிலுக்குள் இருந்தது. தோழியின் பதிலில் அது இல்லை, அவள் கேட்கவே இல்லையே. பட்டையில் ஒரு கோடுதான் வந்தது. அதற்கு ஒன்பதாம் நாள் கொல்லைக் கொடியில் துணி காய்ந்தது.

இத்தனைக்கும் பிறகு, அதே வேலையில் உட்கார்ந்துகொண்டு, நான் அந்தப் பெண்ணிடம் தோழியின் பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். முள் என்று சொன்னேனே, அது இதுதான்.

அவளிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது

கரு உண்டாக விந்தணு பெண்ணுறுப்பின் வழியாக உள்ளே போய்க் கருமுட்டையைச் சேர வேண்டும். வேறு வழி உடம்பில் இல்லை. இரண்டு பேரும் துணியோடு இருந்தால், உரசினாலும் அணைத்தாலும் அந்தப் பாதையே திறப்பதில்லை. துணி மழையில் நனைந்திருந்தாலும் அப்படித்தான். அவளுடைய பெரிய சந்தேகமே அது. நனைந்த லுங்கி வழியாக ஊறி வந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். அன்று நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது வெளியே வந்திருக்கும். வாய்வழிப் போனால் வயிற்றுக்குத்தான் போகும், வயிற்றிலிருந்து கர்ப்பப்பைக்குப் பாதை கிடையாது. வெளியே காற்றில் காய்ந்தால் விந்தணு அதோடு சரி. உள்ளே போனால்தான் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். அதனால் மாதத்தில் கரு தங்கக்கூடிய நாள் ஏறக்குறைய ஆறு. பெரியம்மா விரல்விட்டு எண்ணியது அதைத்தான். தூரமான நாளிலிருந்து எண்ணினால் எனக்கு அது எட்டாம் நாள். அந்த ஆறு நாளின் விளிம்பு. அதனால்தான் அவர் “இல்லவே இல்லை” என்று சொல்லவில்லை.

கவனிக்க வேண்டியவை மூன்று. விந்து நேராக வாசலிலோ வாசலை ஒட்டியோ படுவது ஒன்று. விந்து ஈரமாக இருக்கும் விரல் உள்ளே போவது இன்னொன்று. இந்த இரண்டிலும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. மூன்றாவது, உள்ளே போய்விட்டு முடிவதற்குள் எடுத்துவிடுவது. இதை “முழுசா ஒண்ணும் நடக்கலை” என்ற கணக்கில் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. அது வேறு கணக்கு, அதில் வாய்ப்பு உண்மையிலேயே உண்டு. விந்து வருவதற்கு முன் கசிகிற நீரில் ஒன்றுமே இருக்காது என்று ஆண்கள் சத்தியம் செய்வார்கள். 2011-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 27 ஆண்களின் அந்த நீரைப் பார்த்தார்கள், 11 பேருடையதில் விந்தணு இருந்தது. அவர்களில் பத்துப் பேருடையதில் அது உயிரோடு நகர்ந்துகொண்டிருந்தது.

இப்படிப் பிரித்துச் சொல்லத்தான் நமக்கு வாய் வருவதில்லை. வயதுக்கு வந்த அன்று, மஞ்சள் தண்ணீர் ஊற்றி உட்கார வைத்து, என் ஆயா சொன்னது ஒரே வரி: “ஆம்பளை தொட்டா பிள்ளை உண்டாகும்.” காக்கிற அன்போடு சொன்னதுதான். ஆனால் எல்லாத் தொடுகையும் ஒன்று என்று சொல்லிவிட்டால் எது ஆபத்து, எது இல்லை என்று பிரித்தறிய அந்தப் பெண்ணிடம் என்ன மிச்சம் இருக்கும்? துணிக்கு மேல் தொட்டவள் சாகப் பயப்படுகிறாள். நிஜமாகவே ஆபத்தில் இருப்பவள், போன தடவையும் பயந்தோம், ஒன்றும் ஆகவில்லையே என்று சும்மா இருந்துவிடுகிறாள். இரண்டு பேரையும் என் கடையில் பார்க்கிறேன். இரண்டாமவள் வரும்போது பெரும்பாலும் நாள் கடந்திருக்கிறது.

மாத்திரைக்கும் நாள் கணக்கு உண்டு. இங்கே கிடைக்கிற லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுவதுதான் அது செய்கிற வேலை. ஏற்கெனவே தங்கிய கருவை அது ஒன்றும் செய்யாது. அதனால் அந்த மாதத் தூரம் முன்னே பின்னே வரலாம், நடுவில் ரத்தம் படலாம். இந்தப் பெண்ணுக்கு நடந்தது அதுவேதான். கர்ப்பத்துக்குப் பயந்து போட்ட மாத்திரை தூரத்தைக் கலைத்தது, கலைந்த தூரம் கர்ப்பத்தின் அடையாளமாகத் தெரிந்தது, அதற்கு இன்னொரு மாத்திரை. மாத்திரையே போடாத எனக்கு 2003-இல் அந்த வேலையைப் பயமே செய்தது. கவலையும் தூக்கமின்மையும் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடலாம், அது தள்ளினால் தூரமும் தள்ளும். பயந்ததால் நாள் தள்ளியது, நாள் தள்ளியதால் பயந்தேன்.

அன்று இரவு கடையை அடைத்துவிட்டு அவளுக்குச் சோதனை செய்தோம். கடைசி மாத்திரைக்கும் அந்த ஏரிக்கரைக்கும் பிறகு மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவர்கள் அதற்கப்புறம் சந்திக்கவும் இல்லை. ஒரு கோடு. அவள் நம்பவில்லை. இன்னொரு கம்பெனிப் பட்டையைப் பிரித்தேன். அதிலும் ஒரு கோடு. சந்தேகமே வரக்கூடாது என்று சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு, பாதையைக் காட்டி, துணி எங்கே இருந்தது என்று அவளையே கோடு போடச் சொன்னேன். அவள் கோடு போட்டுவிட்டு அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதை ஏன் அக்கா அன்னைக்கே சொல்லலை?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஊருக்கு வெளியே இருக்கிற அம்மாவிடம் கொடுக்க வைத்திருந்த பணத்தை அவள் கைப்பையிலிருந்து எடுத்து எண்ணினாள், மறுபடி வைத்தாள், மறுபடி எண்ணினாள்.

அவரிடம் சொன்னது

அந்த இரவு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் முதல் தடவையாக அந்த இருபத்தாறு நாளைப் பற்றிச் சொன்னேன். அவரைத்தான் கட்டிக்கொண்டேன், இரண்டு பிள்ளைகள், இத்தனை வருஷம். ஒருநாள்கூடச் சொன்னதில்லை. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். “அந்த மாசம் நீ ஏன் என் மூஞ்சியையே பார்க்கலைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கல்யாணம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்” என்றார். ஒரே ஊரில், ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் கேட்காமல் இரண்டு பேரும் பயந்திருக்கிறோம். எனக்குப் பயம் வயிற்றைப் பற்றி, அவருக்கு என்னைப் பற்றி.

இப்போது சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அவர்தான் கடையில் நிற்கிறார். பையன்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருவார்கள், என்னிடம் கேட்க வெட்கப்படுவார்கள். மாத்திரை கேட்டு வருகிற பையனிடம் அவர் இப்போது எப்போது, எங்கே, துணி இருந்ததா என்று மெதுவாகக் கேட்கிறார். முதல் நாள் கேட்கும்போது அவர் குரல் நடுங்கியது. தேவையென்றால் மாத்திரை கொடுக்கிறார். தேவையில்லை என்றால் ஏன் என்று சொல்கிறார். எப்படியானாலும் நாள்காட்டியில் இருபத்தொரு நாள் எண்ணி, தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். சந்தேகம் இருந்தால் இந்தத் தேதியில் வந்து சோதித்துக்கொள், அதுவரை வேறெதையும் வாங்கித் தின்னாதே என்கிறார்.

போன வாரம் மழை நேரத்தில் நான் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் வந்து கேட்டான். இவர் வழக்கம்போலக் கேள்வி கேட்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். எதிர்ப்பக்கம் மூடிய கடை ஒன்றின் கதவை ஒட்டி, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். “அவங்களையும் கூப்பிடு தம்பி” என்றார். பையன் தயங்கினான். இவரே வாசலில் இறங்கி, “உள்ள வாம்மா, நனையுது” என்று கூப்பிட்டார். அவள் குடையை மடக்கி வாசலோரம் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். நான் பெஞ்சில் இருந்த பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்தேன்.